தலையில் அடிபட்ட பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது? வீக்கத்தைக் குறைக்கப் போய் உயிரிழப்பு கூடிய கதை

கால் சுளுக்கினால் வீங்குகிறது. ஐஸ் வைக்கிறோம், வீக்கம் குறைய மாத்திரை போடுகிறோம், நாலு நாளில் சரியாகிவிடுகிறது. அப்படின்னா, தலையில் அடிபட்டு மூளை வீங்கினாலும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் போதும்தானே?

டாக்டர்களுக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. தலைக்காயத்தோடு வந்தவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது, 30 ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. 2004-ல் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

வீக்கத்தை அடக்கும் மருந்து எப்படி உயிரிழப்பைக் கூட்டியது? இந்தக் கேள்விக்குப் பின்னால், தலைக்காயம் பற்றிய மருத்துவத்தின் பார்வையையே மாற்றிய ஒரு விஷயம் இருக்கிறது. அதன் பெயர் அழற்சி.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அதே ஆண்டில் நாடு முழுவதும் விபத்தில் இறந்தவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாமல் டூவீலரில் போனவர்கள். ஒவ்வோர் ஊரிலும் "பைக்ல விழுந்து தலையில அடி" என்று ஒரு குடும்பத்துக் கதை இருக்கிறது. பிழைத்து வந்தவர்களின் வீட்டில், "ஆள் வந்துட்டான், ஆனா பழைய ஆள் இல்லை" என்ற பேச்சும் இருக்கிறது.

அந்தப் பேச்சுக்கும் இந்த அழற்சிக்கும் தொடர்பு இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். முதலில் இருந்து பார்ப்போம்.

அடி ஒன்று, காயம் இரண்டு

தலை தரையில் மோதும் அந்த நொடியில் நடப்பது முதல் காயம். மண்டை ஓடு உடையலாம், ரத்தக்குழாய் கிழியலாம், மூளை ஓட்டின் உள்பக்கத்தில் போய் இடிக்கலாம். வண்டி சட்டென்று நிற்கும்போது மூளைக்குள் இருக்கும் நரம்பு இழைகள் முறுக்கப்பட்டு இழுபடும். இந்த இழைகளுக்கு ஆக்சான் என்று பெயர். மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் வயர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சேதம் நொடிகளில் முடிந்துவிடும். எந்த டாக்டராலும் பின்னால் போய் இதைத் தடுக்க முடியாது. ஹெல்மெட்டாலும் சீட் பெல்ட்டாலும்தான் முடியும்.

இரண்டாம் காயம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. நிமிடங்கள், மணி நேரங்கள், நாட்கள் என்று நீளும். ரத்தக்கசிவு பெரிதாகலாம், மூளைக்கு ஆக்சிஜன் குறையலாம், மூளை வீங்கலாம். விபத்து நடந்த இடத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரம் கழித்து நினைவிழப்பது இதனால்தான். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. ஊமைக்காயம் என்று நம் பெரியவர்கள் சொல்வது தலைக்கு மிகவும் பொருந்தும்.

சிகிச்சையால் ஏதாவது செய்ய முடியும் என்றால் அது இந்த இரண்டாம் காயத்தில்தான். ஆய்வாளர்கள் எல்லாரும் இங்கேயே குவிந்திருப்பதற்கு அதுதான் காரணம். இந்த இரண்டாம் காயத்தின் முக்கியமான பாத்திரம் அழற்சி.

அழற்சி என்றால் சரியாக என்ன?

அழல் என்றால் தீ. அழற்சி என்ற சொல் அதிலிருந்து வருகிறது. உடம்பில் எங்கே காயம் பட்டாலும், கிருமி நுழைந்தாலும், நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த இடத்துக்கு ஆட்களை அனுப்புகிறது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர் கொஞ்சம் தளர்ந்து நீரும் வெள்ளை அணுக்களும் வெளியே வருகின்றன. இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், வலிக்கும். செத்த செல்களை அள்ளி, கிருமிகளை அழித்து, புதிய திசு வளர வழி செய்வதற்கான ஏற்பாடு இது. அழற்சி இல்லாமல் எந்தக் காயமும் ஆறாது.

கணுக்காலில் இது பெரிய பிரச்சினை இல்லை. தோல் விரிந்து கொடுக்கும். ஆனால் மூளை இருப்பது விரியாத எலும்புப் பெட்டிக்குள். அங்கே மூளைத் திசு, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர் ஆகிய மூன்றும் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கின்றன. ஒன்று கூடினால் மற்ற இரண்டும் குறைய வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் மண்டைக்குள் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பெரியவர்களுக்கு இந்த அழுத்தம் இயல்பாக 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். 22-ஐத் தாண்டினால் சிகிச்சை கொடுத்துக் குறைக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அழுத்தம் ஏற ஏற மூளைக்குள் ரத்தம் போவது குறையும். ரத்தம் குறைந்தால் நல்ல செல்களும் சாகும்.

மூளைக்குள் யார் யார் வருகிறார்கள்?

மூளைக்கென்றே தனியாக ஒரு காவல் படை இருக்கிறது. மைக்ரோக்ளியா என்ற சின்னஞ்சிறு செல்கள். இவற்றைத் தனி வகை என்று அடையாளம் கண்டு 1919-ல் பெயர் வைத்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த பீயோ டெல் ரியோ ஓர்டேகா. அடிபடாத மூளையில் இவை சும்மா உட்கார்ந்திருக்கும் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 2005-ல் உயிருள்ள எலிகளின் மூளையைச் சிறப்பு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது வேறு காட்சி தெரிந்தது. இந்தச் செல்கள் தங்கள் மெல்லிய கைகளை ஓயாமல் நீட்டி மடக்கி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. ஒரு சிறு இடத்தில் லேசரால் காயம் செய்ததும், பக்கத்தில் இருந்தவை எல்லாம் அந்த இடத்தை நோக்கிக் கைகளை நீட்டிச் சுற்றி வளைத்துக்கொண்டன.

தலையில் அடிபட்டதும் நடக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி:

முதல் நிமிடங்கள்: உடைந்த செல்கள் தங்களுக்குள் இருந்த பொருட்களைச் சிந்துகின்றன. செல்லுக்குள் இருக்கும்வரை அவை ஆற்றலும் புரதமும். வெளியே சிந்தினால் அபாய மணி. மைக்ரோக்ளியாக்கள் உருவம் மாறிக் காயத்தை நோக்கித் திரும்புகின்றன.

முதல் சில மணி நேரம்: மைக்ரோக்ளியாக்களும், ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களும் சைட்டோகைன் எனப்படும் ரசாயனத் தூதர்களை வெளியிடுகின்றன. 'ஆள் அனுப்புங்க' என்ற செய்திதான் இது. வழக்கமாக ரத்தத்தில் இருக்கும் கண்ட பொருட்களும் மூளைக்குள் நுழையாதபடி ரத்தக்குழாய்ச் சுவரில் கெட்டியான தடுப்பு இருக்கும். அடிபட்ட இடத்தில் அந்தத் தடுப்பு தளர்கிறது.

முதல் இரண்டு நாட்கள்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வருகின்றன. சுத்தம் செய்ய வரும் இவை வெளியிடும் பொருட்கள் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களையும் கெடுக்கக் கூடியவை. மூளை வீக்கம் பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் உச்சத்தைத் தொடும். தலைக்காயம் பட்டவரை ஐ.சி.யூ.வில் வைத்து "இன்னும் ரெண்டு, மூணு நாள் போகணும், அப்பத்தான் சொல்ல முடியும்" என்று டாக்டர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு: ரத்தத்திலிருந்து வேறு வகை வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து செத்த செல்களை விழுங்கி அகற்றுகின்றன. ஆஸ்ட்ரோசைட்டுகள் காயத்தைச் சுற்றி வேலி போல் தழும்பு கட்டுகின்றன. மெதுவாக அழற்சி அடங்க வேண்டும். வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், சிலருக்கு அது அடங்குவதே இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அப்போ, அழற்சியை நிறுத்தினால் போதுமே?

இங்கேதான் ஸ்டீராய்டு வருகிறது. அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டுக்கு நிகரான மருந்துகள் குறைவு. மூளையில் கட்டி வந்தவர்களுக்கு அதைச் சுற்றி ஏற்படும் வீக்கம் ஸ்டீராய்டால் நன்றாகக் குறையும் என்பது 1960-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. இன்றும் அதற்கு அதைக் கொடுக்கிறார்கள். அந்த வீக்கத்துக்கு வேலை செய்வது இந்த வீக்கத்துக்கும் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில், தலைக்காயத்துக்கும் அது பரவியது. சிறிய ஆய்வுகள் பல நடந்தன. சிலவற்றில் பலன் இருப்பது போலத் தெரிந்தது, சிலவற்றில் இல்லை. யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இதற்கு ஒரு முடிவு காண லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசின் ஒருங்கிணைத்த ஆய்வின் பெயர் 'கிராஷ்'. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள். அடிபட்டு 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 48 மணி நேரம் டிரிப்பில் ஏறியது. இன்னொரு பாதிக்கு மருந்து இல்லாத போலி டிரிப். யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, குடும்பத்துக்கும் தெரியாது.

20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 10,008 பேர் சேர்ந்த நிலையில் ஆய்வை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 1,052 பேர் இறந்திருந்தார்கள். போலி டிரிப் பெற்றவர்களில் 893 பேர். சதவீதத்தில் 21.1-க்கு எதிராக 17.9. அதாவது 100 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய மூன்று பேர் வரை இறக்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இந்த வித்தியாசம் மாறவில்லை.

3 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஒரு வார்டில் நின்று பார்க்கும் டாக்டருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. மோசமான காயத்தோடு வந்தவர் இறந்தால், காயத்தால் இறந்தார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல்லாண்டு காலம் உலகம் முழுக்கக் கொடுக்கப்பட்ட மருந்து என்று யோசித்தால்தான் இழப்பின் அளவு புரியும். 10,000 பேரை வைத்து எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. தீவிரத் தலைக்காயத்துக்கு அதிக அளவு மீதைல்பிரெட்னிசலோன் கொடுக்கக் கூடாது என்பது இப்போது சர்வதேச வழிகாட்டுதல்.

கிராஷ் ஆய்வு 'கூடாது' என்று சொன்னது. 'ஏன்' என்று அது சொல்லவில்லை. ஸ்டீராய்டு அழற்சியை மட்டும் தொடுவதில்லை. கிருமித் தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆனால், இதோடு இன்னொரு சந்தேகமும் ஆய்வாளர்களுக்கு வந்தது: நாம் அடக்க நினைத்த அந்த அழற்சி, மூளைக்கு ஏதாவது நல்லதும் செய்துகொண்டிருக்கிறதா?

அழற்சி செய்யும் நல்ல வேலை

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த டோரியன் மெக்கவர்ன் குழு 2014-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை சொன்னது. எலிகளின் மண்டை ஓட்டில் ஒரு சிறு பகுதியைத் தேய்த்து மெல்லிதாக்கி, லேசாக அழுத்திக் காயம் செய்து, உள்ளே நடப்பதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். மூளையின் வெளிவிளிம்பில் இருக்கும் எல்லைப் படலம் அடியில் ஓட்டை விழுந்து போயிருந்தது. மைக்ரோக்ளியாக்கள் அங்கே விரைந்து, தங்கள் உடம்பையே விரித்து அந்த ஓட்டைகளை அடைத்தன. மேலே நியூட்ரோஃபில்கள் கூட்டமாகத் திரண்டன.

உடைந்த கரையில் மணல் மூட்டை அடுக்குவது போன்ற வேலை இது. அடிபட்டதும் எழும் அழற்சி, அந்த நேரத்தில் மூளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அப்படின்னா அழற்சி நல்லதா, கெட்டதா? இரண்டும்தான் என்பதே நேர்மையான பதில். எப்போது, எங்கே, எவ்வளவு நாள் என்பதைப் பொறுத்து மாறும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அழற்சி விஷயத்தில் அளவோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது.

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளைக்குள் எப்படிப் பார்க்கிறார்கள்?

எலியின் மண்டையில் ஜன்னல் வைக்கலாம். மனிதருக்கு? அதுதான் இந்தத் துறையின் பெரிய சிக்கல். சாதாரண சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியும், வீக்கம் தெரியும். ஆனால் எந்த செல் என்ன செய்கிறது என்பது தெரியாது. அதனால் வேறு சில வழிகளைப் பிடித்திருக்கிறார்கள்.

ஒன்று, மைக்ரோடயாலிசிஸ். தீவிரக் காயத்தோடு ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு அழுத்தத்தை அளக்க எப்படியும் ஒரு சின்னக் குழாய் மண்டைக்குள் வைப்பார்கள். அதோடு தலைமுடி போன்ற இன்னொரு குழாயையும் வைத்து, செல்களுக்கு நடுவே இருக்கும் நீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்துப் பரிசோதிப்பது இந்த முறை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் குழு இதில் பெயர் பெற்றது. எந்த சைட்டோகைன் எந்த நாளில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்ற வரைபடம் இப்படித்தான் கிடைத்தது.

இரண்டாவது, பெட் ஸ்கேன். மைக்ரோக்ளியாக்கள் தூண்டப்பட்ட நிலையில் இருக்கும்போது அவற்றில் ஒரு புரதம் அதிகமாகும். அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் லேசான கதிரியக்கப் பொருளை ஊசி மூலம் செலுத்தினால், அழற்சி இருக்கும் இடம் ஸ்கேனில் ஒளிரும்.

மூன்றாவது, ரத்தப் பரிசோதனை. மூளை செல்கள் சேதமாகும்போது அவற்றின் புரதங்கள் ரத்தத்தில் கசிகின்றன. அப்படிப்பட்ட இரண்டு புரதங்களை அளக்கும் ஒரு பரிசோதனைக்கு 2018-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. லேசான தலைக்காயத்தோடு வருபவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய அது உதவுகிறது.

நான்காவது, இறந்த பிறகு குடும்பத்தார் ஒப்புதலோடு கிடைக்கும் மூளைத் திசு. மிக முக்கியமான ஒரு கண்டுபிடிப்பு இந்த வழியில்தான் வந்தது.

18 வருஷம் கழித்தும் அடங்காத அழற்சி

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், தலைக்காயம் பட்டு இறந்தவர்களின் மூளைத் திசுக்கள் பல ஆண்டுகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, நடுத்தரமாகவோ தீவிரமாகவோ தலையில் அடிபட்டவர்களின் திசுக்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலர் அடிபட்ட சில மணி நேரத்தில் இறந்தவர்கள், சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்தவர்கள்.

2013-ல் வந்த முடிவு இது: அடிபட்டு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களில் 28 சதவீதம் பேரின் மூளையில் மைக்ரோக்ளியாக்கள் இன்னமும் தூண்டப்பட்ட நிலையில் அடர்த்தியாகக் குவிந்திருந்தன. அதில் ஒருவருக்கு அடிபட்டு 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பக்க மூளையையும் இணைக்கும் நரம்பு இழைப் பாலத்தில் சிதைவும் தொடர்ந்துகொண்டிருந்தது.

உயிரோடு இருப்பவர்களிடமும் இது தெரிகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, அடிபட்டுக் குறைந்தது 11 மாதம் ஆன 10 பேருக்கு பெட் ஸ்கேன் எடுத்து 2011-ல் முடிவை வெளியிட்டது. அழற்சி இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அது அடி விழுந்த இடத்தில் இல்லை. தூரத்தில், மூளையின் நடுவே இருக்கும் தாலமஸ் போன்ற பகுதிகளில் இருந்தது. நினைவு, கவனம், விழிப்பு எல்லாவற்றுக்கும் தகவல்கள் கடந்து போகும் சந்திப்பு அது. அங்கே அழற்சி அதிகம் இருந்தவர்களுக்கு யோசிக்கும் திறனில் பாதிப்பும் அதிகமாக இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, தையல் பிரித்து, முடியும் வளர்ந்துவிட்டது. "எல்லாம் சரியாயிடுச்சு" என்று ஊரே சொல்கிறது. ஆனால் அவருக்குக் கோபம் சட்டென்று வருகிறது, கணக்கு குழம்புகிறது, சின்னச் சத்தமும் தாங்கவில்லை. இதற்கெல்லாம் அழற்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அறுந்துபோன நரம்பு இழைகள், தூக்கமின்மை, மனச்சோர்வு என்று பல காரணங்கள் சேர்ந்திருக்கும். ஆனால் அடிபட்ட நாளோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை, சிலருக்கு உள்ளே ஏதோ தொடர்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. தலைக்காயத்தை ஒரு நாள் சம்பவமாகப் பார்க்காமல், நீண்ட நாள் நோயாகப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ உலகில் குரல் எழுவது இதனால்தான்.

நாள்பட்ட அழற்சியையாவது அடக்கலாமா?

சரி, முதல் நாட்களில் எழும் அழற்சி கொஞ்சம் நல்லதும் செய்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடிப்பது கெட்டதுதானே, அதையாவது மருந்து கொடுத்து நிறுத்தலாமே? நியாயமான கேள்வி. அதையும் சோதித்துப் பார்த்தார்கள்.

மினோசைக்ளின் என்பது பருவுக்குக்கூட டாக்டர்கள் எழுதித் தரும் ஆன்டிபயாடிக். மைக்ரோக்ளியாக்களை அமைதிப்படுத்தும் குணமும் அதற்கு உண்டு. எலிகளில் நல்ல பலன் தெரிந்தது. அடிபட்டுப் பல மாதங்கள் ஆன 15 பேரை வைத்து இம்பீரியல் கல்லூரிக் குழு ஒரு சிறிய சோதனை செய்தது. சிலருக்கு 12 வாரம் மினோசைக்ளின், மற்றவர்களுக்கு மருந்து இல்லை. 2018-ல் வந்த முடிவு இரண்டு வரி. ஒன்று: ஸ்கேனில் அழற்சி குறைந்தது. இரண்டு: நரம்பு இழைகள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் புரதத்தின் அளவு கூடியது.

மருந்து தன் வேலையைச் சரியாகச் செய்தது. அழற்சி அடங்கியது. ஆனால் நரம்புச் சிதைவின் அடையாளம் ஏறியது. பல மாதம் கழித்தும் மைக்ரோக்ளியாக்கள் ஏதோ பழுது பார்க்கும் வேலையில் இருந்திருக்கலாம், நாம் அதைத் தடுத்துவிட்டோம் என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

கேம்பிரிட்ஜ் குழுவுக்கும் இப்படி ஒரு அனுபவம். அழற்சியைத் தூண்டும் முக்கியமான ஒரு சைட்டோகைனை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும் மருந்தை, தீவிரக் காயம் பட்ட 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2014-ல் வந்த முதல் முடிவு நம்பிக்கை தந்தது. மருந்து மூளைக்குள் போய்ச் சேர்ந்தது, பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனால் சைட்டோகைன்களின் போக்கைப் பிறகு விரிவாக அலசியபோது, மைக்ரோக்ளியாக்கள் ஆக்ரோஷமான பக்கத்துக்குச் சாய்ந்த மாதிரியான அடையாளங்கள் தெரிந்தன. எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். ஒரு கம்பியை இழுத்தால் வேறெங்கோ மணி அடிக்கிறது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு ஏன் பலிக்கவில்லை?

புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் எலிகளில் மூளை வீக்கத்தையும் அழற்சியையும் அழகாகக் குறைத்தது. மனிதர்களில் நடந்த சிறிய ஆய்வுகளும் சாதகமாக இருந்தன. பிறகு 882 பேரை வைத்து ஒன்று, 1,195 பேரை வைத்து இன்னொன்று என இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2014-ல் இரண்டின் முடிவும் ஒன்றே: பலன் இல்லை.

காரணங்கள் பல. ஆய்வுக்கூட எலிகள் ஒரே வயது, ஒரே இனம். ஒரே இடத்தில், அளந்து வைத்த வேகத்தில் அடி விழும். மருந்தும் குறித்த நிமிடத்தில் போகும். நம் மருத்துவமனைக்கு வருபவர்களில் 19 வயதுப் பையனும் இருப்பார், பாத்ரூமில் வழுக்கி விழுந்த 75 வயதுப் பாட்டியும் இருப்பார். ஒருவருக்கு ரத்தக்கட்டு, இன்னொருவருக்கு நரம்பு இழைக் கிழிசல். ஒருவர் அரை மணி நேரத்தில் வருவார், இன்னொருவர் இரண்டு மருத்துவமனை மாறி ஆறு மணி நேரம் கழித்து வருவார். எல்லாருக்கும் பெயர் ஒன்று, தலைக்காயம். உள்ளே நடப்பது ஆளுக்கு ஆள் வேறு.

அதனால்தான் இப்போது ஆய்வின் திசை மாறுகிறது. எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதை விட்டுவிட்டு, யாருக்கு எந்த வகை அழற்சி, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் பிரித்துப் பார்த்த பிறகு மருந்தைத் தேர்ந்தெடுப்பது. அழற்சியை மொத்தமாக அணைப்பதற்குப் பதில், பழுது பார்க்கும் பக்கம் அதைத் திருப்புவது. போகவேண்டிய தூரம் அதிகம். ஆனால் எந்தப் பாதை தப்பு என்பது தெரிந்திருக்கிறது, அதற்கு விலையாகப் போன உயிர்கள் ஏராளம்.

இன்று என்ன சிகிச்சை இருக்கிறது?

அழற்சியைக் குறிவைத்து, தலைக்காயத்துக்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்று ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டாம் காயத்தைக் குறைக்கும் வழிகள் இருக்கின்றன, அவை உயிர்களைக் காப்பாற்றுகின்றன. ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் குறையாமல் பார்ப்பது, ரத்தக்கட்டு இருந்தால் சீக்கிரம் அகற்றுவது, மண்டைக்குள் அழுத்தத்தைக் கண்காணித்துக் குறைப்பது. எதற்கும் அடங்காத வீக்கத்துக்கு மண்டை ஓட்டின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எடுத்து வைப்பார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த அறுவை சிகிச்சை பெற்றவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 26.9 சதவீதம், பெறாதவர்களில் 48.9 சதவீதம். ஆனால் பிழைத்தவர்களில் நினைவு திரும்பாமலே இருந்தவர்களும், பிறரைச் சார்ந்தே வாழ வேண்டியவர்களும் அதிகமாக இருந்தார்கள். இந்த ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு டாக்டர் வரும்போது, உயிர் பிழைப்பது பற்றி மட்டும் இல்லாமல், பிழைத்த பிறகு எப்படி இருப்பார் என்பதையும் கேட்கக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது.

நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது

1. தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. அடிபட்டதும் நன்றாகத்தானே பேசினார் என்று காத்திருக்க வேண்டாம். வயதானவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் லேசான அடியாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

2. வீக்கம் குறையட்டும் என்று மெடிக்கலில் நீங்களாக ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம், அவற்றையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வேறு நோய்க்காக ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால், அதைத் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். பணம் கையில் இல்லை என்று வீட்டுக்குத் தூக்கிவர வேண்டியதில்லை.

4. 48 மணி நேரம் உயிருக்கான கணக்கு. மூளைக்கான கணக்கு அதைவிட நீளம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு ரிவ்யூவுக்கு வரச் சொன்னால் தவறாமல் போங்கள். மறதி, எரிச்சல், தூக்கம் கெடுவது, கவனம் சிதறுவது இருந்தால் தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். உடன் வாழ்பவர்களுக்குத்தான் இந்த மாற்றங்கள் முதலில் தெரியும். "வேணும்னே பண்றான்", "எல்லாம் மனசுலதான்" என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

5. இன்னொரு அடி படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முதல் அடியிலிருந்து முழுதாக மீளாத மூளைக்கு இரண்டாவது அடி கூடுதல் ஆபத்து. டாக்டர் சொல்லும்வரை பைக் ஓட்டுவது, கபடி, ஃபுட்பால் எல்லாவற்றுக்கும் லீவு.

மூளைக்குள் எழும் அழற்சியை எப்போது விட வேண்டும், எப்போது தடுக்க வேண்டும் என்று சொல்லும் மருந்து வரும்வரை, அதை முழுமையாகத் தவிர்க்க ஒரே வழி முதல் அடியைத் தவிர்ப்பதுதான். ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல் வைக்காமல் தலையில் வையுங்கள், பட்டையை இறுக்கிப் போடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வேண்டும்.